கறுப்புத் திரைக்காரனுக்கு

சுங்கை சிப்புட்

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றுமில்லை. மழை பிடித்துக்கொண்டது. நாம் படித்த தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது.

சரி, சண்டைக்கு வருகிறேன். எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரையில் எண் வந்தால் போதாதா, நிரலையும் விடையையும் ஒரே பக்கத்தில் காட்டும் உன் ஜூபிட்டர் நோட்புக்கில் நிரலுக்குக் கீழேயே படம் எதற்கு, சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எழுதியிருந்தாய். ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சின்னப் பட்டியல்களை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, பரவல், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் தொடர்பு எண் 0.816 என்று எல்லாமே நான்கிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று அழகான வளைவு, ஒன்று நேர்கோட்டை விட்டு ஒரே ஒரு புள்ளி ஓடிப்போனது. நான்காவதில் எல்லாம் ஒரே செங்குத்தில் நிற்க, ஒன்று மட்டும் தூரத்தில் தனியாக. உன் கறுப்புத் திரை இந்த நான்கும் ஒன்றே என்று சத்தியம் செய்யும்!

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. தோட்டத்து ஆபீஸில் பழைய மழைப் பதிவேடுகளைத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். கேட்டு வாங்கி வந்து, ஜூபிட்டர் நோட்புக்கில் மாதம் மாதமாக ஏற்றினேன். நிரல் எழுதும் கட்டத்தில் பைத்தான் மொழியில் இரண்டு வரி, கீழே உடனே கோட்டுப்படம். ஒரு வருடத்தில் மட்டும் அக்டோபரும் நவம்பரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. நம் பக்கத்தில் மழை கொட்டுகிற மாதங்களே அவைதான், உனக்குத் தெரியாததா? பதிவேட்டைப் புரட்டினால் அந்தப் பக்கங்களில் வேறு கையெழுத்து. இடையில் வந்த கிராணி யாரோ மில்லிமீட்டரை விட்டு அங்குலத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 25.4-ஆல் பெருக்கியதும் கோடு எழுந்து நின்றது. எண்ணாகவே விட்டிருந்தால் வறட்சி என்று கடந்து போயிருப்பேன்.

அப்புறம்தான் வேடிக்கை. செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது, குலை வெட்டுக்கு வருவதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே தீர்மானமாகிவிடும். வறட்சி வந்தால் ஆண் பூ கூடும், குலை குறையும். அதனால் மழைக் கோட்டை விளைச்சல் கோட்டின் மேல் அப்படியே வைத்தால் ஒன்றும் விளங்காது, மாதக் கணக்கில் தள்ளி வைக்க வேண்டும். நோட்புக்கிலேயே ஒரு நகர்த்தி போட்டுக்கொண்டேன். சுட்டியால் இழுக்க இழுக்க மழைக் கோடு நகர்கிறது. இரண்டு வருடத்தை நெருங்கும்போது பள்ளத்தின் மேல் பள்ளம் உட்காருகிற மாதிரி தெரிகிறது. தெரிகிற மாதிரி என்றுதான் சொல்கிறேன். உரம், மரத்தின் வயது, வெட்ட ஆள் கிடைக்காத மாதங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஒத்துப்போகும் வரை இழுத்துக்கொண்டே இருந்தால் எதுவும் எதோடும் ஒத்துப்போகும்.

நீ நினைக்கிற மாதிரி இது நேற்று முளைத்த காளானும் இல்லை. மேத்தமெட்டிக்கா என்ற கணித மென்பொருள் 1988-லேயே நோட்புக் வடிவில் வந்தது. பைத்தான் பக்கம், கொலராடோவில் முனைவர் பட்ட மாணவராக இருந்த பெர்னாண்டோ பெரெஸ் 2001-இல், பைத்தானை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் ஐபைத்தான் என்ற கருவியைத் தொடங்கினார். அப்போது அதுவும் உன் கறுப்புத் திரைதான். உலாவியில் திறக்கும் நோட்புக் 2011 கடைசியில் வந்தது, ஜூபிட்டர் என்ற பெயர் 2014-இல். உன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு 1983-இல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் சங்கம் கொடுத்த அதே மென்பொருள் விருதை 2017-க்கு இதற்கும் கொடுத்தார்கள், பார்த்துக்கொள்.

உள்ளே நடப்பது உனக்குப் பிடிக்கும். கணக்குப் போடும் கெர்னல் தனி, காட்டும் பக்கம் தனி. விடையைக் கெர்னல் ஒரே உருவில் அனுப்புவதில்லை. வெறும் எழுத்து, வலைப்பக்க வடிவமான எச்டிஎம்எல், பிஎன்ஜி படம் என்று எவை உண்டோ அவற்றைச் சேர்த்தே அனுப்பும். காட்டுகிற பக்கம் தன்னால் முடிந்ததில் சிறந்ததை எடுத்துக்கொள்ளும். அதே கெர்னலோடு உன் திரையிலிருந்து பேசினால் உனக்கு எழுத்து வரும், எனக்குப் படம் வரும். யாரும் யாருக்காகவும் மாற வேண்டியதில்லை.

உன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கட்டங்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம், அதுதான் ஆபத்து. சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் ஒரு கட்டத்தை அழித்துவிட்டான். அதில் பிறந்த மதிப்பு மட்டும் நினைவகத்தில் உயிரோடு இருந்ததால் படம் வந்துகொண்டே இருந்தது. மறுவாரம் திறந்து ஓட்டினால் வெறும் பிழைச் செய்தி. கெர்னலை அணைத்து, மேலிருந்து கீழ்வரை மறுபடி ஓட்டிக் காட்டாத படத்தை நான் இப்போது யாரிடமிருந்தும் ஏற்பதில்லை. ஜூலியா நிரல்மொழிக்காரர்களின் புளூட்டோ என்ற நோட்புக்கில் ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் கட்டங்களெல்லாம் தாமாகவே ஓடிவிடும். அதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது. கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் நோட்புக்கைப் போட்டால் படங்களும் கோப்புக்குள்ளேயே திணிந்து கிடப்பதால் எது மாறியது என்று கண்டுபிடிக்கத் தலைவலி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, நீயே சொல்.

உன் அப்பா தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தபோது எழுதிவைத்த குலைக் கணக்கு நோட்டுகள் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்குமே. இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பு. என்னிடம் இருக்கும் விளைச்சல் கணக்கு அந்த வருடங்களைத் தொடவில்லை.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி