என் கையை மறுபடி அளந்த அண்ணனுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

வலது மணிக்கட்டில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு இடது கையால் இதைத் தட்டச்சு செய்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் போகட்டும், நிதானமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாள் போனால் இது ஒரு அறிக்கை மாதிரி ஆகிவிடும். பந்தை உருட்டிப் பின்கள் எனும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் டென்பின் பௌலிங்கில் பட்டம் மறுபடி கிடைத்த சந்தோஷம் நெஞ்சில் சூடாக இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

என் கையில் அறுவை சிகிச்சை ஆனது, மாதக்கணக்கில் ஆட முடியாமல் போனது, அதற்கப்புறம் யார் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் மறுபடி போக எனக்கு மனமில்லை. நன்றி மட்டும் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கும், நான் அழுதாலும் பயிற்சியை நிறுத்தாத பிசியோதெரபிஸ்ட்டுக்கும், ஆடவே முடியாத மாதங்களிலும் அணிப் பட்டியலில் என் பெயரை விட்டுவைத்த பயிற்சியாளருக்கும் நன்றி. பந்துப் பெட்டியை எனக்காக இழுத்துக்கொண்டு நடந்த தோழிகளுக்கு, பௌலிங் மைய நேரம் முடிந்த பிறகும் கடைசி லேனை, அதாவது பந்து உருட்டும் பாதையை, அணைக்காமல் காத்திருந்த மெக்கானிக்குகளுக்கு, "அமெரிக்க பௌலிங் வீராங்கனை மேரியன் லேட்விக் ஆல்-ஸ்டார் பட்டத்தைக் கடைசியாக 1963-ல் வென்றபோது வயது 48, நீ ஏன் இப்போதே வயதைப் பேசுகிறாய்" என்று எழுதிய முகம் தெரியாத அந்த நண்பருக்கும் நன்றி. இறுதி ஆட்டத்தில் என்னிடம் தோற்றவர் முதலில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, அப்புறம்தான் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும்.

இனி எழுதப்போவது ஒருவரைப் பற்றி. அவருக்குப் பேர் சொன்னால் பிடிக்காது, எனக்கு அவர் அண்ணன். பந்துகளுக்குத் துளை போட்டுத் தருபவர் என்றால் லேன் பக்கம் வருகிற எல்லோருக்கும் யாரென்று தெரியும்.

இந்த விளையாட்டை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். போட்டியில் ஆடுகிறவர்களின் பந்து கடையிலிருந்து அப்படியே எடுத்து உருட்டுவதில்லை. அவரவர் கைக்கு அளந்து துளை போட வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரைதான் உள்ளே போகும், கட்டைவிரல் முழுதாகப் போகும். இந்தத் துளைகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தை ஸ்பான் என்போம், துளை உள்ளே சாய்ந்திருக்கும் கோணத்தைப் பிட்ச் என்போம். ஸ்பான் துளி கூடினால் உள்ளங்கை இழுபடும். கட்டைவிரல் துளை துளி தளர்ந்தால், பந்து நழுவிவிடுமோ என்று கை தானாகவே இறுக்கும். 15 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 6.8 கிலோ. அதை அப்படி இறுக்கிப் பிடித்து ஒரு போட்டி நாளில் நூறு தடவைக்குப் பக்கமாக வீசினால், எல்லாப் பாரமும் மணிக்கட்டில்தான் வந்து இறங்கும்.

கட்டுப் பிரித்த பிறகு என் கை பழைய கையாக இல்லை. கட்டைவிரல் முழுதாக விரியவில்லை, விரல்கள் மெலிந்திருந்தன. எனக்குப் பட்டங்கள் வாங்கித்தந்த பந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய பந்தோ போலிருந்தது. பெட்டியைப் பூட்டினேன். எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று ஒருவரிடம் சொல்லியும் வைத்தேன். அது எப்படியோ அண்ணன் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் போன் வந்தது.

"விக்கிறது இருக்கட்டும்மா. ஒரு தடவை வந்து கையைக் காட்டிட்டுப் போ."

போனேன். எப்படி இருக்கிறாய், வலிக்கிறதா, எப்போது ஆடுவாய், எதுவும் கேட்கவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தார், அளந்தார், விரல் விரலாக வளைத்துப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து என் அட்டையை எடுத்தார். அவரிடம் பந்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு அட்டை உண்டு: ஸ்பான், பிட்ச், துளையின் அகலம், தேதி. என் அட்டை நான் பள்ளிச் சிறுமியாக முதல் பந்து வாங்கிய நாளில் தொடங்குகிறது. புது அட்டை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பழைய அட்டையிலேயே, கடைசி வரிக்கு நேர் கீழே, அன்றைய தேதியைப் போட்டு அன்றைய அளவை எழுதினார்.

நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, "கை மாறத்தானேம்மா செய்யும். அதை எழுதத்தான் கீழே இடம் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. எனக்கு அது எவ்வளவு பெரிது என்று அவருக்கே தெரிந்திருக்காது. என்னிடம் பேசிய எல்லோரும், அன்போடு பேசியவர்கள்கூட, "அப்போதைய நீ" என்றும் "இப்போதைய நீ" என்றும் என்னை இரண்டாக்கித்தான் பேசினார்கள். அந்த அட்டையில் அப்படி ஒரு பிளவு இல்லை. பத்து வயதுக் கை, பதினைந்து வயதுக் கை, பட்டம் வென்ற கை, அதற்கு அடுத்த வரியில் இந்தக் கை.

அப்புறம் வேலை தொடங்கியது. பழைய துளைகளை அடைத்து, காயவிட்டு, தேய்த்து, புதிதாகத் துளைத்தார். எடையைக் குறைக்கச் சொன்னார். நான் மறுத்தேன், ஏனென்றால் அதில் உண்மையான சிக்கல் உண்டு. பத்துப் பின்களும் ஒரே வீச்சில் விழுந்தால் அது ஸ்ட்ரைக். வலது கைக்காரருக்கு முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே இருக்கும் இடம் பாக்கெட். அவர் பாக்கெட்டில் சரியாகப் போடும் ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டும்தான். மற்ற ஆறும் பின்கள் மோதியே விழும். எடை குறைந்த பந்து முதல் பின்னில் பட்டதுமே அதிகமாக விலகும், ஐந்தாம் பின் அசையாமல் நிற்கும். இதை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கேற்ற பந்தைத் தேடிப் பிடித்து, லேனில் பூசியிருக்கும் எண்ணெயைத் தாண்டியதும் பாக்கெட்டுக்குள் வலுவாகத் திரும்பும்படி துளைகளை அமைத்துக் கொடுத்தார். வீக்கம் வடிய வடிய மறுபடி அளந்தார், கட்டைவிரல் துளையை மறுபடி மாற்றினார். ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு வரி கூடியது. காசுப் பேச்சை எடுத்தால் மெஷினை ஓடவிட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் நான் சொல்வது எதுவும் காதில் விழாது.

அந்த நாட்களில் அணியின் இளையவள் ஒருத்தி, அமெரிக்க வீராங்கனை கெல்லி குலிக் ஆடிய ஒரு ஆட்டத்தின் பதிவை அனுப்பினாள். குலிக் அமெரிக்கப் பெண்கள் ஓபனை வென்றது 2003-ல். அதே ஆண்டு பெண்களுக்கான தொழில்முறைச் சுற்றே நின்றுபோனது. வென்றவருக்கு ஆடக் களம் இல்லை. 2006-ல் ஆண்களோடு தேர்வுப் போட்டியில் மோதி அவர்களின் சுற்றில் இடம் பிடித்தார். ஒரு பருவத்தோடு அதுவும் போனது. 2010 ஜனவரியில் அதே ஆண்கள் சுற்றின் சாம்பியன்களின் போட்டியில் கிறிஸ் பார்ன்ஸை 265–195 என்று வீழ்த்தினார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்தச் சுற்றில் பட்டம் வென்றதில்லை. பெண்கள் சுற்று திரும்பி வர 2015 ஆனது. முன்பெல்லாம் அந்த ஆட்டத்தில் ஸ்ட்ரைக்குகளைத்தான் பார்ப்பேன். இப்போது அவருடைய கட்டைவிரலைப் பார்க்கிறேன், பந்து எவ்வளவு சுத்தமாகக் கையை விட்டுப் போகிறது என்று. அந்தப் பந்துக்கும் யாரோ ஒருவர் அளவெடுத்துத் துளை போட்டிருப்பார். அவரை எந்தக் கேமராவும் காட்டவில்லை.

மையங்களில் ரேக்கில் கிடக்கும் பொதுப் பந்தை எடுத்து ஆடும் சிறுமிகளைப் பார்க்கிறேன். எல்லாக் கைக்கும் பொதுவாகப் போட்ட துளை அது. பிடி கிடைக்காமல் இறுக்குகிறார்கள், விரல் வீங்குகிறது, தன் கையில் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை நல்ல ஆட்டக்காரிகளை இப்படி இழந்திருப்போமோ, எனக்கு ஆறவே இல்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இனி என்னிடம் கற்றுக்கொள்ள வரும் எந்தப் பெண்பிள்ளைக்கும் நடையோ கைவீச்சோ சொல்லித் தருவதற்கு முன்னால் கையளவு எடுக்கப்படும். பந்து வாங்க முடியாதவளுக்குப் பழைய பந்தின் துளையை அடைத்து அவள் கைக்குப் புதிதாகப் போட்டுத் தரப்படும். என் பெட்டியில் இருப்பவற்றிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பந்து இருந்தால் கொடுங்கள். துளைக்கும் வேலையை யார் செய்வது என்று அண்ணனிடம் இன்னும் கேட்கவில்லை. இதைப் படித்துத்தான் அவருக்கே தெரியப்போகிறது.

அண்ணா, திங்கட்கிழமை வருகிறேன். இறுதி ஆட்டத்தில் கட்டைவிரல் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அட்டையை எடுத்து வையுங்கள். கூடவே ஒரு பெண்ணையும் அழைத்து வருகிறேன், அவளுக்குப் புது அட்டை வேண்டும்.