ஸ்கோரை விற்கும் நீங்கள் நிபந்தனையும் போடலாமே

மதிப்பிற்குரிய ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு), ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு), டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) நிர்வாகிகளுக்கும், நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஸ்கோராகப் படித்திருக்கிறேன். ஒரே வாரத்தில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ போட்டிகள் நடக்கின்றன. அத்தனையையும் யாராலும் பார்த்துவிட முடியாது. அதனால் போனில் ஒரு பக்கம் எப்போதும் திறந்தே இருக்கும். இரண்டு பெயர்கள், சர்வ் போடுபவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, செட் கணக்கு, கேம் கணக்கு, கடைசியில் அந்த கேமின் பாயிண்ட் கணக்கான 15, 30, 40. அவ்வளவுதான். பழகிய கண்ணுக்கு அதிலேயே ஆட்டம் தெரியும். 4-5, 30-40 என்று வந்து எண் நகராமல் நின்றுவிட்டால் மனம் என்னென்னவோ யோசிக்கும். மழையா? காயத்துக்குச் சிகிச்சையா? இல்லை, நெட்தான் போய்விட்டதா? பிறகு சட்டென்று 40-40 என்று மாறும். அந்தப் பாயிண்டில் விழுந்தது எதிராளி தொடவே முடியாத சர்வான ஏஸா, நீண்ட ராலியா, எதிராளி பந்தை வெளியே அடித்தாரா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் போன மூச்சு திரும்பி வரும்.

2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில், ஃபெடரரின் சர்வில், ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் அவருக்குக் கோப்பை என்ற நிலையில் அந்த எண்ணைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அன்று அவர் எடுத்த பாயிண்டுகள் 218, ஜோகோவிச் எடுத்தவை 204. கோப்பை ஜோகோவிச்சுக்குப் போனது. 2025 பிரெஞ்சு ஓபன் இறுதியில் அல்கராஸ் நாலாவது செட்டில் 3-5, 0-40 என்று பின்தங்கி நின்றார். சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்டுகள். அங்கிருந்து 15-40, 30-40, 40-40 என்று அந்த எண் ஏறி, கடைசியில் 5 மணி 29 நிமிடம் ஆடி அல்கராஸே ஜெயித்தார். 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் ஐந்தாவது செட்டை 70-68 வரை இழுத்தபோது, கோர்ட்டில் இருந்த மின்பலகையே 47-47இல் நின்றுபோனது. வெறும் எண்கள்தான். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு டென்னிஸ் என்றால் அவைதான், அவற்றைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நடுவர் ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் கையில் உள்ள கருவியில் தட்டுகிறார். அந்தத் தட்டல்தான் என் போனில் 30 என்பதை 40 ஆக்குகிறது. அதே தட்டல் சூதாட்ட நிறுவனங்களுக்கும் போகிறது. அடுத்த பாயிண்ட் யாருக்கு, அடுத்த கேம் யாருக்கு என்று அங்கே அந்த நொடியே பணம் கட்டப்படுகிறது. இது தானாக நடந்த விஷயம் இல்லை. நீங்கள் விற்றீர்கள். 2015இல் ஐடிஎஃப் நேரடி ஸ்கோர் தரவுக்காகப் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் 7 கோடி டாலர் மதிப்புள்ளது. அதற்கு மறு ஆண்டே, சில நடுவர்கள் அந்தத் தட்டலை வேண்டுமென்றே தாமதித்து, அந்த இடைவெளியில் வேண்டியவர்கள் பந்தயம் கட்ட வழிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு வெளியே வந்தது.

நீங்களே நியமித்த சுயாதீன ஆய்வுக்குழு 2018இல் சொன்னதை நீங்கள் மறந்திருக்க முடியாது. தொழில்முறைப் போட்டிகளில் சுமார் 15,000 பேர் ஆடுகிறார்கள். பயிற்சியாளர் செலவைக் கணக்கில் சேர்க்காமலே பார்த்தால்கூட, கைக்காசு போடாமல் சமாளிப்பவர்கள் 250 முதல் 350 பேர்தான் என்றது அந்தக் குழு. 3,200க்கும் மேற்பட்ட வீரர், வீராங்கனைகளிடம் கேட்டதில் 464 பேர், ஆட்ட முடிவுகள் விலைபேசப்படுவது தங்களுக்கு நேரடியாகத் தெரியும் என்றார்கள். கையில் காசில்லாத ஓர் இளைஞன், பார்க்க ஆளே இல்லாத ஒரு கோர்ட்டில் ஆடுகிறான். அவன் போடும் ஒவ்வொரு சர்வ் மீதும் உலகின் எங்கோ ஒரு மூலையில் யாரோ பந்தயம் கட்டுகிறார்கள். வேண்டுமென்றே இரண்டு சர்வையும் தவறவிட்டு ஒரு டபுள் ஃபால்ட் போட்டால் அவனுக்குக் கிடைப்பது, அந்த வாரம் முழுக்க ஆடிக் கிடைப்பதைவிட அதிகம் என்றால் அவன் என்ன செய்வான்? மொத்தப் பரிசே 15,000 டாலர் உள்ள போட்டியில் கோப்பையை வாங்கியவனுக்கே 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

அந்தக் குழு 2018 ஏப்ரலில் கொடுத்த இடைக்கால அறிக்கையில், 15,000, 25,000 டாலர் போட்டிகள் இரண்டின் நேரடி ஸ்கோரையும் சூதாட்டத்துக்கு விற்பதை நிறுத்தச் சொன்னது. டிசம்பரில் வந்த இறுதி அறிக்கை அதை 15,000 டாலர் மட்டத்தோடு சுருக்கிக்கொண்டது. என்னைக் கேட்டால் ஏப்ரலில் சொன்னதுதான் சரி. இரண்டு மட்டங்களிலும் ஆடுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள், அவர்களுடைய கஷ்டமும் ஒன்றுதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

ஆட்டம் முடிகிறது. தோற்றவர் உடைமாற்றும் அறைக்கு வந்து போனை எடுக்கிறார். அதில் அம்மாவின் செய்தி இருக்கலாம், பயிற்சியாளரின் செய்தி இருக்கலாம். அவற்றுக்கு மேலே, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய வசைகள் குவிந்து கிடக்கின்றன. சாவு வரச் சபிக்கிறார்கள், குடும்பத்தை இழுக்கிறார்கள், தோலின் நிறத்தை இழுக்கிறார்கள். 2021 அமெரிக்க ஓபனில் தோற்ற அன்று இப்படி 2,000க்கும் மேற்பட்ட செய்திகள் வந்ததாக ஸ்லோன் ஸ்டீஃபன்ஸ் சொன்னார். 2024இல் கரோலின் கார்சியா தனக்கு வந்தவற்றை வெளியிட்டார். 2025இல் கேட்டி போல்டர் அதையே செய்தார். ரேங்கிங்கில் முன்னால் இருப்பவர்கள் பேசியதால் நமக்குத் தெரிய வந்தது. 400ஆம் இடத்தில் இருக்கும் பெண்ணுக்கு வருவதை யார் கேட்கிறார்கள்?

2024 தொடக்கத்தில் உங்களில் ஐடிஎஃப், டபிள்யூடிஏ, விம்பிள்டன், அமெரிக்க ஓபன் தரப்பினர் சேர்ந்து, சமூக ஊடக வசைகளைப் பிடிக்க ஒரு கண்காணிப்பு முறையைக் கொண்டுவந்தீர்கள். அதை மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஆண்டில் மட்டும் 16 லட்சம் பதிவுகளை அலசியதில், 458 பேரைக் குறிவைத்து சுமார் 8,000 வசைப் பதிவுகள் வந்திருந்ததை 2025 ஜூனில் ஐடிஎஃபும் டபிள்யூடிஏவும் வெளியிட்டன. அதில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்களின் வேலை. காவல்துறைக்குத் தகவல் போனது 15 கணக்குகள் பற்றி. மீதி 60 சதவீதத்தில் ரசிகர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களும் இருப்பார்கள், மறுக்கவில்லை. ஃபெடரர், நடால், ஜோகோவிச் பெயரைச் சொல்லி வருடக்கணக்காக நடந்த சண்டைகளில் அசிங்கமாகப் பேசியவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை நாங்கள்தான் எங்களுக்குள் தட்டிக்கேட்க வேண்டும். அந்த 40 சதவீதம் அப்படி இல்லை. அது உங்கள் ஒப்பந்தத்தின் வழியாக வருகிறது.

அந்த அறிக்கையோடு, சூதாட்டத் துறை பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதைப் படித்தபோது எனக்கு ஆறவில்லை. நீங்கள் ஏன் கேட்டுக்கொள்ள வேண்டும்? சரக்கு உங்களுடையது. உங்கள் ஸ்கோர் இல்லாமல் ஆட்டத்தின் நடுவே பந்தயம் நடத்துவது அவர்களுக்கு எளிதில்லை. விற்பவர்தான் நிபந்தனை போட வேண்டும்.

அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: எங்கள் ஸ்கோரை வாங்கும் எந்த நிறுவனமும், வீரரையோ வீராங்கனையையோ மிரட்டியவர் தன் வாடிக்கையாளர் என்று தெரிந்தால் அவர் கணக்கை மூட வேண்டும். வசை வந்த நேரத்தையும் தோற்ற பந்தயத்தையும் ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்க உங்கள் கண்காணிப்புக் குழுவோடு ஒத்துழைக்க வேண்டும். ஒரு நிறுவனம் மூடினால் மற்றவையும் மூட வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆள் மறுநாளே வேறு பெயரில் பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருப்பார். எத்தனை கணக்குகள் மூடப்பட்டன என்பதை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும். இதற்கு உடன்படாத நிறுவனத்துக்கு ஸ்கோர் கிடையாது. பணம் போட்டுவிட்டு முகத்தை மறைத்துக்கொண்டு திட்டுபவர், தன் கணக்கே போய்விடும் என்று தெரிந்தால் யோசிப்பார்.

தரவு விற்ற பணத்தில்தான் சின்னப் போட்டிகள் நடக்கின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது, அந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 2025 அமெரிக்க ஓபனில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க முடிந்த விளையாட்டு இது. இந்தச் சின்னப் போட்டிகளைச் சூதாட்டப் பணம் இல்லாமல் நடத்த நான்கு கிராண்ட் ஸ்லாம்களும் சேர்ந்து ஒரு நிதி ஒதுக்கினால், அவர்களுடைய பரிசு மேடை அசையாது. நாளைய சாம்பியன்கள் அந்தச் சின்னக் கோர்ட்டுகளிலிருந்துதான் வருகிறார்கள்.

அப்புறம் எங்களுக்காகவும் ஒன்று. ஏடிபியின் இரண்டாம் மட்டமான சேலஞ்சர் ஆட்டங்களை இலவசமாகப் பார்க்க வழி செய்திருக்கிறீர்கள், நன்றி. அதேபோல எல்லா மட்ட ஸ்கோரும் உங்கள் சொந்தப் பக்கங்களில், ஒரே இடத்தில், தடங்கல் இல்லாமல், பெயருக்குப் பக்கத்தில் பந்தய விகிதம் இல்லாமல் கிடைக்க வேண்டும். இன்று ஸ்கோர் தேடிப் போகும் பதினைந்து வயதுப் பையனுக்கு யார் சர்வ் போடுகிறார் என்ற புள்ளியும், யார் மேல் பணம் கட்டலாம் என்ற எண்ணும் பல பக்கங்களில் ஒன்றாகவே கண்ணில் படுகின்றன. அவன் டென்னிஸை அப்படிக் கற்றுக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்கும் இருக்காது என்று நம்புகிறேன்.

உங்கள் தரவு ஒப்பந்தங்களில் வீரர், வீராங்கனைகளைக் காக்கும் விதிகள் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அவற்றை வெளியிடுங்கள். இல்லையென்றால், எந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அடுத்ததில் என்ன சேர்க்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டென்னிஸ் ரசிகன் ஒருவன்