வெளிநாட்டுக் காசுக்குக் கணக்குச் சீட்டு வேண்டும்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாகக் காசு வந்தால், அங்கே எவ்வளவு கட்டப்பட்டது, வழியில் எவ்வளவு வெட்டப்பட்டது, எந்த வீதத்தில் ரூபாவாக்கப்பட்டது என்பதைத் தமிழில் அச்சிட்டு, காசுக்குரியவரின் கையில் ஒரு சீட்டாகக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருக்கும் எல்லா வங்கிகளிடமும் இதைக் கேட்கவே எழுதுகிறேன்.

நான் வடமராட்சியில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவன். எங்கள் ஒழுங்கையில் பிள்ளைகளெல்லாம் கனடாவிலும் சுவிஸிலும் இருக்க, தனியே வீடு காத்துக்கொண்டிருக்கும் வயோதிபர்கள் பலர். வங்கியிலிருந்து என்ன வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அண்மையில் ஓர் அம்மா, கண் சத்திரசிகிச்சைக்கென மகள் அனுப்பிய காசைப் பற்றிக் கேட்டார். ரொறன்ரோவில் மகள் 1,000 அமெரிக்க டொலர் அனுப்பி, அனுப்பும் கட்டணத்தையும் வேறாகச் செலுத்தியிருக்கிறார். இங்கே 972 டொலருக்குரிய ரூபாதான் புத்தகத்தில் விழுந்திருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். "அது வெளியில் வெட்டுவது ஐயா, எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கருமபீடத்திலிருந்தவர் அடுத்த இலக்கத்தை அழைத்தார்.

தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியாது. 1973 இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட சுவிப்ட் நிறுவனம் வங்கிகளுக்கே சொந்தமானது. அது காசைக் காவுவதில்லை, செய்தியை மட்டுமே காவுகிறது. ரொறன்ரோ வங்கியும் கொழும்பு வங்கியும் ஒன்றிடம் ஒன்று கணக்கு வைத்திராவிட்டால், டொலர் பெரும்பாலும் நியூயோர்க்கிலுள்ள இன்னொரு வங்கியின் ஊடாகவே வரும். அந்த இடை வங்கி தன் கூலியை வருகிற தொகையிலேயே எடுத்துக்கொள்கிறது. ஆனால் எடுத்ததை மறைப்பதற்கில்லை. செய்தியில் அனுப்பச் சொன்ன தொகைக்கு ஒரு கட்டம், கைமாறிய தொகைக்கு ஒரு கட்டம், இடையில் கழித்த கட்டணத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியே உண்டு. பழைய எம்.டி. 103 வடிவத்தில் அவை 33பி, 32ஏ, 71எஃப் எனப்பட்டன. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு முழுமையாக வந்த ஐ.எஸ்.ஓ. 20022 வடிவத்திலும் அந்த விபரங்களுக்கு இடம் இருக்கிறது. கொழும்புத் தலைமைக் காரியாலயத்தின் திரையில் தெரிவது கரவெட்டிக் கிழவிக்கு ஏன் தெரியக்கூடாது?

இன்னொன்றும் உண்டு. இந்தச் செய்தி ஒவ்வொன்றுக்கும் இடைக்கோடுகளும் சேர்ந்து 36 குறிகள் கொண்ட ஒரு தனி இலக்கம் இடப்படுகிறது. 2018 நவம்பரிலிருந்து அது கட்டாயம். பதிவுத் தபாலுக்கு நாங்கள் ஒட்டிய இலக்கத் துண்டு போன்றது அது. கடிதம் எந்தக் கந்தோரில் நிற்கிறது என்று அதை வைத்துத்தான் தேடினோம், தேடிச் சொல்வது எங்கள் கடமையாக இருந்தது. பிள்ளைகள் அனுப்பும்போதே அந்த இலக்கத்தைத் தங்கள் வங்கியிடம் கேட்டு வாங்கித் தாய் தகப்பனுக்குச் சொல்லிவிட வேண்டும். கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் இருக்கும் இடத்தையும் அவர்கள் கவனிக்க வேண்டும். எதுவும் குறிக்காமல் விட்டால் பல இடங்களில் அனுப்புபவரும் பெறுபவரும் கட்டணத்தைப் பங்கிடும் முறையே தானாக விழுகிறது; அப்போது வழியில் எடுக்கும் கூலி வருகிற தொகையிலேயே கழியும். லண்டனுக்கோ சென்னைக்கோ படிப்புக் கட்டணம் அனுப்பும் பெற்றோருக்கும் இதே புத்திமதிதான்: போய்ச் சேரும் தொகை குறைந்தால் கட்டணம் பாக்கி என்றே அங்கே எழுதுவார்கள்.

பெயர் விடயம் இதைவிடக் கொடுமை. எங்கள் பெண்களுக்குக் கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், பின்னர் கணவன் பெயர். அடையாள அட்டையில் ஒருவிதம், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு இன்னொருவிதம், பிள்ளை படிவத்தில் எழுதுவது மூன்றாம் விதம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ஒரு ‘எச்’ கூட்டுவார், மற்றவர் விட்டுவிடுவார். எங்கள் ஒழுங்கையில் ஓர் இளைப்பாறிய ஆசிரியைக்கு லண்டனிலிருந்து வந்த காசு இதனால் கொழும்பில் தடைப்பட்டு, விசாரணைக் கடிதம் போய், கடைசியில் திரும்பியே போய்விட்டது. திரும்பும் வழியிலும் வெட்டு. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டம் வங்கிகளுக்குச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இருபது வருடமாக அதே கிளையில் ஓய்வூதியம் எடுப்பவர் அவர். கிளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பிள்ளைகளிடம் நான் சொல்வது, அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தைப் படம் எடுத்து வாங்கி, அதிலுள்ள எழுத்தை அப்படியே பாருங்கள் என்பது. ஐரோப்பாவில் கேட்கும் ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு இலக்கம் இலங்கையில் இல்லை. கணக்கு இலக்கமும் வங்கியின் 8 அல்லது 11 எழுத்துச் சுவிப்ட் குறியீடும் வேண்டும். ரொறன்ரோவில் வெள்ளி பின்னேரம் அனுப்பினால் இங்கே சனி பிறந்துவிடும், திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்றால் செவ்வாய் வரை யாரும் தொடமாட்டார்கள்.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கைமாறும் உண்டியல் முறையை நான் ஆதரிப்பவன் அல்லன். காசு தவறினால் முறையிட அங்கே இடமில்லை. டொலரை 200 ரூபாவை ஒட்டிக் கட்டிவைத்திருந்த காலத்தில் சனம் வெளியில் கிடைத்த கூடிய விலைக்காக உண்டியலுக்குப் போனது உண்மை. 2021 இல் ஏறத்தாழ 5.5 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணம் 2022 இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. 2024 இல் அது 6.5 பில்லியனைத் தாண்டிவிட்டது. விலை வித்தியாசம் பெரிதாக இல்லாத இன்றும் எங்கள் பகுதியில் உண்டியல் நடக்கிறது. மோட்டார் சைக்கிளில் வரும் பெடியன் படலையடியில் நின்று, "மகள் தந்தது இவ்வளவு, உங்களுக்கு இவ்வளவு" என்று சொல்லி எண்ணிக் கொடுக்கிறான். சட்டப்படி இயங்கும் வங்கி அந்த ஒரு வசனத்தைச் சொல்ல மறுக்கிறது.

2023 இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கட்டணங்களை வெளிப்படையாகச் சொல்லும்படி வங்கிகளைக் கேட்கின்றன. கிளையில் பதில் கிடைக்காதவர்கள் மத்திய வங்கிக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அதற்கு முன் யாழ்ப்பாணக் கிளைகளின் முகாமையாளர்கள் இந்தச் சீட்டை எப்போது கொடுக்கத் தொடங்குவார்கள் என்பதை இதே பகுதியில் எழுதினால் நல்லது.

இளைப்பாறிய தபாலதிபர்,
கரவெட்டி.