ஆண்டறிக்கை: கிழக்குக் குன்று வீடும் நம் சங்கமும்

தலைவர் அவர்களுக்கும், இங்கிலாந்தின் கடற்கரை ஊரான போர்ன்மத்தில் வாழும் நம் சங்கக் குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா ஜனவரியில் நல்லபடியாக நடந்தது. சித்திரைத் திருநாளுக்கு மதிய விருந்து, ஆகஸ்டில் கடற்கரையில் விளையாட்டுப் போட்டி, நவராத்திரிக்கு மூன்று வீடுகளில் கொலு. செயற்குழுவை ஆறு முறை கூட்டினேன். இரண்டு முறை ஆள் சேராததால் கலைந்துவிட்டோம்.

மற்றபடி இந்த ஆண்டு என் நேரமெல்லாம் கிழக்குக் குன்று வீட்டுக்குத்தான் போனது. "சங்கத்துக்கும் அந்தப் பழைய வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று குழுவிலேயே கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

இன்று ரஸ்ஸல்-கோட்ஸ் அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டைக் கட்டியவர் மெர்ட்டன் ரஸ்ஸல்-கோட்ஸ். இந்த ஊர்க்காரர் அல்ல, வுல்வர்ஹாம்ப்டன் பக்கம். மனைவி ஆனி கிளாஸ்கோக்காரர். 1876-ல் இங்கே ராயல் பாத் ஓட்டலை வாங்கி, நம்மைப் போலவே வந்த ஊரில் வேர்விட்டவர்கள். ஓட்டலுக்குப் பக்கத்திலேயே, கடலைப் பார்த்தபடி, ஃபோகர்ட்டி என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டிய வீட்டை 1901-ல் மனைவிக்குப் பரிசாகக் கொடுத்தார். விக்டோரியா மகாராணி இறந்து எட்வர்ட் மன்னர் வந்த அதே ஆண்டு. அப்புறம் இருவரும் உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் ஓவியங்களையும் ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தார்கள். ஊருக்குக் கொடுத்த வீடு என்றால், கவுன்சில் வரி கட்டும் நமக்கும் கொடுத்ததுதானே?

மே மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு போவதாக ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் வருகிறோம் என்றவர்கள் 34 பேர். வாசலில் வந்து நின்றவர்கள் 11. அதில் ஏழு பேர் பிள்ளைகள். வர முடியாது என்று முன்கூட்டி ஒரு வரி அனுப்பியவர்கள் இரண்டே பேர். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வந்தவர்கள் நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். மேலே கண்ணாடிக் கூரை, சுற்றிலும் மாடித் தாழ்வாரம், காலடியில் மொசைக் பதித்த தரை, நடுவே சின்ன நீரூற்று. வெளிச்சம் முழுக்க மேலிருந்துதான் இறங்குகிறது. ஏழு வயதுப் பெண் ஒருத்தி, "பாட்டி வீட்டு முற்றம் மாதிரியே இருக்கு, மூடி மட்டும் போட்டிருக்காங்க" என்றாள். இதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. சாப்பாட்டு அறைச் சுவரின் மேல்பகுதியில் மயில்கள் வரிசையாகப் போகின்றன. ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்துச் செய்த மூலை ஒன்று உண்டு. 1885-ல் ஜப்பான் போய் வாங்கிவந்த பொருள்களுக்குத் தனி அறையே இருக்கிறது.

அன்று வீடு திரும்பியதும் தமிழில் ஒரு கையேடு எழுத உட்கார்ந்தேன். கட்டடப் பகுதிகளின் ஆங்கிலப் பெயர்களை அப்படியே எழுதிவிடலாம்தான், மனம் ஒப்பவில்லை. உறுப்பினர் ஒருவரின் தந்தை காரைக்குடிப் பக்கம் வீடு கட்டிய மேஸ்திரி. அவரிடம் போனில் படங்களைக் காட்டினேன். "இது மாடம், இது விதானம், இது சுதை வேலை (சுண்ணாம்புச் சாந்தில் செய்வது). கொடுங்கைக்குக் (சுவர் உச்சியின் வளைந்த விளிம்பு) கீழே ஓடுற மயில் வரிசையா? பட்டைன்னே எழுதுங்க தம்பி" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தேடி அலைந்த சொல்லெல்லாம் அவர் கையில் இருந்தது. கையேட்டில் நான்கு பக்கம் முடிந்திருக்கிறது; மாடி அறைகள் பாக்கி. படம் எடுத்துத் தருவதாகவும் பிழை திருத்துவதாகவும் சொன்ன மூன்று நண்பர்களுக்காக இன்னும் காத்திருக்கிறேன்.

இதில் அவசரம் உண்டு. உப்புக் காற்று இரும்பையும் சுண்ணாம்பையும் சும்மா விடாது. 2016 ஏப்ரலில் இதே கிழக்குக் குன்றில் மண் சரிந்து, குன்றிலிருந்து கடற்கரைக்கு ஆட்களை இறக்கி ஏற்ற 1908-ல் திறந்த லிஃப்டைச் சேதப்படுத்தியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். எப்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் பார்க்காமலே விடுகிறோம்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். போன ஆண்டைவிடக் கையிருப்பு கொஞ்சம் குறைவு. மண்டப வாடகை ஏறியதுதான் முக்கியக் காரணம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார். சந்தா குடும்பத்துக்கு 30 பவுண்டு. பாதிக் குடும்பங்கள் இன்னும் கட்டவில்லை. பொங்கல் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் பட்டியலையும் சந்தா கட்டியவர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் எதுவும் எழுத விரும்பவில்லை.

தலைவர், பொருளாளர், சமையலில் கைகொடுத்த சகோதரிகள், மேசை நாற்காலி தூக்கிய இளைஞர்கள் எல்லோருக்கும் நன்றி. காரைக்குடி ஐயாவுக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டும் செயலாளராக இருப்பேனா என்று கேட்கிறார்கள். இரவுப் பணி கூடியிருக்கிறது, வீட்டிலும் சிரமம். யாராவது முன்வந்தால் கோப்புகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். கையேட்டை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள். அச்சுச் செலவுக்கு நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். மார்ச் முதல் சனிக்கிழமை காலை 11 மணிக்கு மாடி அறைகளைப் பார்க்க மறுபடியும் போகிறேன். வாசலில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்