வேளைக்கீரை முளைத்துவிட்டது

அன்புள்ள தோழிக்கு,

முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மற்ற சேதியெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேள்: எங்கள் மொட்டை மாடியில் வேளைக்கீரை முளைத்துவிட்டது!

கொருக்குப்பேட்டையில் தண்டவாள ஓரமாகப் பள்ளிக்கூடம் போவோமே, அங்கே வெள்ளைப்பூவும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஊதா இழைகளுமாக ஒரு செடி நிற்குமே, கிள்ளினால் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி நெடியடிக்குமே, அதேதான். போன தை மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு காலி மனையில் பார்த்தேன். காய் வெடித்துச் சிதறுவதற்குள் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

வந்த கையோடு விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. சொத்தை விதை என்று நினைத்து ரொம்ப வருத்தப்பட்டேன். மீதியைத் தூக்கிப்போட மனசு வராமல் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த விதைக்கு உறக்கம் உண்டு. சில மாதம் சும்மா கிடந்தால்தான் நன்றாக முளைக்கும், வெளிச்சமும் ஆகாது. ஆடியில் பழைய பெயிண்ட் பக்கெட்டில் செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, விதை தூவி, மேலே மெல்லிசாக மண் மூடினேன். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு, அதனால் மெட்ரோ தண்ணீர்தான் தெளித்தேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் பச்சைப் புள்ளிகள்! காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கிள்ளக் கிள்ளப் பக்கத்தில் கிளை விடுகிறது. நேற்று ஒரு கூடை தேறியது. முதல் கொதித் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் கசப்பு அடங்கிவிடும். அப்புறம் வெந்த துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, கிள்ளின மிளகாய், கொஞ்சம் புளித்தண்ணீர். தொட்டுக்கொள்ளக் காசிமேட்டு நெத்திலிக் கருவாடு.

உப்பு போடப் போன கை கொஞ்சம் நின்றது. சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையில் பசியால் வாடும் கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுகிறவர் வீட்டுப் பெண், நகத்தால் கிள்ளி வந்த குப்பை வேளையை உப்பில்லாமல் வேகவைப்பாள். பார்ப்பவர்கள் முன் நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, குடும்பமே கூடி உண்ணும். திண்டிவனத்துக் கிடங்கிலை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய பாட்டு அது. எங்கள் அம்மாவும் அப்படித்தான். இந்தக் கீரை கொதிக்கும்போது யாராவது வந்துவிட்டால் சட்டியை மூடி அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். நீ வந்தால் மட்டும் மூடமாட்டாள், ஞாபகம் இருக்கிறதா?

நேற்று வாசல் கதவைத் திறந்து வைத்தே பரிமாறினேன். எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பாட்டிலில் மிச்சமிருந்த விதையில் பாதியைப் பொட்டலம் கட்டி இதோடு வைத்திருக்கிறேன். உறக்கம் கலைந்த விதை, உடனே போடலாம். நாலு செடியையாவது கிள்ளாமல் காய்க்க விடு. முளைத்ததும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி