விதைப் பொட்டலத்தில் பட்டமும் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் வழங்கப்படுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். வளர்ப்புப் பை, தென்னைநார்க் கழிவுக் கட்டி, உயிர் உரம், விதை எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், வீட்டுத் தோட்டத்தின் பலனும் மகிழ்ச்சியும் பையையும் உரத்தையும்விடப் பட்டத்தையே, அதாவது விதைக்கும் பருவத்தையே, அதிகம் சார்ந்திருக்கின்றன என்பதைப் புதிதாகத் தொடங்குவோர் பலர் அறிவதில்லை.

எங்கள் கொல்லைப் பந்தலில் ஆடியில் ஊன்றும் நாட்டு அவரை, மழை ஓய்ந்து பகல் குறுகும்போதுதான் பூக்கும். மார்கழியிலும் தையிலும் கொத்துக் கொத்தாகக் காய்த்து, எங்களுக்குப் போக அக்கம்பக்கத்து அடுப்படிகளுக்கும் செல்லும். ஒருமுறை அதே விதையைப் பொங்கல் கழிந்தபின் ஊன்றினேன். கொடி மதிலைத் தாண்டிப் படர்ந்ததே தவிர, கோடை முழுவதும் ஒரு பூக்கூட வைக்கவில்லை. அதே வெயிலில் பக்கத்துப் பாத்தியில் வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் செழித்திருந்தன. எனவே, ஒவ்வொரு விதைப் பொட்டலத்தின் மீதும் ஊன்ற வேண்டிய தமிழ் மாதத்தை அச்சிடுவதோடு, ஆடிக்கு ஒன்றும் தைக்கு ஒன்றுமாக விதைகளை இரு தொகுப்புகளாகப் பிரித்து வழங்குவது குறித்தும் தோட்டக்கலைத் துறை பரிசீலிக்க வேண்டும்.

– வாசகர், தஞ்சாவூர்