தேய்த்த காசும் திருத்திய காசும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி, விளக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன். ரோமப் பேரரசன் நீரோவின் செஸ்டர்ஷியஸ் என்ற பெரிய பித்தளைக் காசு, பின்பக்கம் ரோமின் ஓஸ்தியா துறைமுகம். யாருக்குத்தான் ஆசை வராது! விற்பவர் "லேசாகச் சமப்படுத்தப்பட்டது" என்று போட்டிருப்பதால் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொன்னால் ஏன், எதற்கு என்று நீ விடமாட்டாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில், சுத்தம் செய்த காசு என்றாலே முகம் சுளிக்காதே. நூறு, இருநூறு வருடத்துக் காசு சேர்ப்பவர்கள் துணியால் துடைத்த காசைக்கூடத் தொடமாட்டார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ரோமக் காசுகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள் கிடந்து வந்தவை. யாரோ ஒருவர் உட்கார்ந்து மண்ணை நீக்கியதால்தான் இன்று அதில் ஒரு தலை தெரிகிறது. எங்கே கையை நிறுத்தினார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

செம்பு கலந்த காசு மண்ணில் கிடக்கும்போது மேலே சிவப்பும் பச்சையுமாகக் களிம்பு படிந்து இறுகிவிடும். பல காசுகளில் முடிக்கற்றை, கண்ணிமை போன்ற நுணுக்கமெல்லாம் அந்தக் களிம்பில்தான் தங்கியிருக்கும். அடியில் உள்ள உலோகம் ஏற்கெனவே அரித்துப்போயிருக்கும். இது தெரியாமல் அமிலத்தில் போட்டாலோ மின்சாரம் பாய்ச்சினாலோ, குழிகுழியான வெறும் உலோகம்தான் மிஞ்சும். அப்புறம் அதை மறைக்க ரசாயனம் தடவி, செயற்கையாக ஒரு நிறம் ஏற்றுவார்கள். பாலைவன மண் மாதிரி மணலைப் பசையோடு ஒட்டிவிடுவதும் உண்டு. எழுத்துகளைச் சுற்றி மட்டும் அழகாக மணல் நின்றால் சந்தேகப்படு. பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் தொட்டால் இப்படிப்பட்ட பூச்சுகள் பல கையோடு வந்துவிடும்.

டெனாரியஸ் என்ற ரோம வெள்ளிக் காசு இந்த விஷயத்தில் சாது. பளபளவென்று தேய்த்தாலும் காலப்போக்கில் மறுபடி கருமை படியும். ஆனால் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் காசுகளில் கவனமாக இரு. அன்டோனினியானஸ் என்ற அந்தக் காசில் வெள்ளி என்பது பெயருக்குத்தான். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு, உள்ளே செம்பு. தூரிகை போட்டால் அந்தத் தோல் போய்விடும், திரும்ப வராது.

சரி, உன் காசுக்கு வருகிறேன். சமப்படுத்துவது வேறு, செதுக்குவது வேறு. தலையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் இருக்கும் மேடுபள்ளத்தைச் சீவி வழவழப்பாக்குவது முதலாவது. சேகரிப்பவர்கள் இதை ஸ்மூத்திங் என்பார்கள். தேய்ந்துபோன முடியையும் மூக்கையும் எழுத்தையும் கூரிய கருவியால் புதிதாகக் கீறி எடுப்பது இரண்டாவது, டூலிங். முதலாவதை நான் பொறுத்துக்கொள்வேன், விவரத்தில் வெளிப்படையாகச் சொல்லி, விலையையும் குறைத்திருந்தால். இரண்டாவதைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். அதில் நாம் பார்ப்பது ரோம அச்சு வெட்டியவனின் கையை அல்ல, நேற்றோ முந்நூறு வருடத்துக்கு முன்போ வாழ்ந்த இன்னொருவனின் கையை. சங்கடம் என்னவென்றால், செதுக்கிய காசையும் "சமப்படுத்தப்பட்டது" என்று பூசி மெழுகும் வழக்கம் இருக்கிறது. பெரிய காசு, பெரிய படம், பெரிய விலை என்பதால் செஸ்டர்ஷியஸ்தான் இதில் அதிகம் மாட்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அச்சில் அடித்த உருவத்தின் விளிம்பு மெல்ல வளைந்து பின்தளத்தில் இறங்கும். கீறி எடுத்ததில் ஓரம் வெட்டினாற்போல் நிற்கும், பள்ளத்தின் அடியில் களிம்பின் நிறம் மாறியிருக்கும். லென்ஸில் பார்த்தால் தெரியும். அடுத்து, தேய்மானம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார். உன் காசில் சுற்றெழுத்து வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. ஆனால் பாய்மரக் கயிறுகள் நேற்று இழுத்துக் கட்டியவை போல இருக்கின்றன! எனக்கு உறுத்தியது அங்கேதான்.

ஆனாலும் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். இந்தத் துறைமுகக் காசில் கப்பல்களின் எண்ணிக்கையே அச்சுக்கு அச்சு மாறும். அதனால் "இங்கே ஒரு கப்பல் கூடுதல்" என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. அதே அச்சில் அடித்த இன்னொரு காசைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஓர் அச்சில் பிறந்த காசுகளில் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகும். உன் காசில் இருக்கும் ஒரு கயிறு மற்றவற்றில் இல்லையென்றால் கதை முடிந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கம் ரோமப் பேரரசுக் காசுகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, படங்களோடு. அங்கே தொடங்கு. பழைய ஏலப் படங்களையும் பார். இரண்டு மூன்று மாலைகள் போகும், போகட்டும்.

இந்த வேலை இன்று நேற்று வந்ததல்ல. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பாதுவா நகரில் கவினோ என்றொருவர் செஸ்டர்ஷியஸைப் பார்த்துப் புதிதாகவே அடித்தார். கி.பி. 69-ல் மூன்று மாதம் ஆண்ட பேரரசன் ஓத்தோவுக்கு ரோம் நகர நாணயச்சாலை வெண்கலக் காசே வெளியிடவில்லை. கவினோ அந்தக் குறையையும் தீர்த்துவைத்தார்! ஜெர்மானியர் பெக்கரோ, தான் செய்த போலிகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் குலுங்கவைத்துப் பழசாக்குவாராம்.

ஆனால் கைவைத்த காசெல்லாம் கெட்ட காசு என்றும் நினைத்துவிடாதே. 211-ல் இணைப்பேரரசன் கேட்டாவை அவனோடு சேர்ந்து ஆண்ட அண்ணன் கரகல்லா கொல்லவைத்த பிறகு, ஆசியா மைனர் நகரங்கள் சிலவற்றில் இருவர் முகமும் சேர்ந்திருந்த காசுகளில் தம்பியின் முகத்தை மட்டும் சுரண்டினார்கள். பிரான்சின் நீம் நகரில் அடித்த, முதலை உருவம் பொறித்த ரோமக் காசுகளைச் சில்லறைக்காகப் பாதியாக வெட்டினார்கள். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் தலையில் உளிவெட்டு இருந்தது. இவையெல்லாம் காசின் வரலாறு. அந்த வெட்டைச் சரிசெய்து விற்க யாராவது நினைத்தால் அவரை எனக்குப் பிடிக்காது. முகம் சுரண்டிய கேட்டா ஒன்று நியாய விலைக்கு வந்தால் உன் துறைமுகத்தை விட்டுவிட்டு அதை வாங்கு.

இன்னொன்று. மூன்றாவது படத்தின் ஓரத்தில் உன் பழைய வெண்கலக் காசு தெரிகிறது, விளிம்பில் வெளிர்பச்சைப் பொடியோடு. குச்சியால் தொட்டுப் பார், உதிர்ந்தால் அது வெண்கல நோய். உள்ளே இருக்கும் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசைத் தின்னும். பொடியை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு நீரை அவ்வப்போது மாற்று. பிறகு நன்றாக உலர்த்தி சிலிக்கா ஜெல்லோடு மூடிவை. ஆலிவ் எண்ணெய் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதே, அதிலுள்ள அமிலம் களிம்பையும் கரைக்கும்.

விற்பவரிடம் இயற்கை வெளிச்சத்தில், காசைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் கேள். "சமப்படுத்தப்பட்டது" என்றால் எந்த இடத்தில் என்றும் கேள். பதில் வந்ததும் எனக்கு அனுப்பு. அதுவரை பணம் கட்டாதே.

அன்புடன்,
அம்மா